ரொறன்ரோவில் 2,500 டொலருக்குள் டபுள் பேஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

பனிக்காற்று (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். தொழில் வேறு, இது சும்மா சந்தோஷத்துக்கு. மாதக் கடைசியில் நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு வீட்டு பேஸ்மென்டில் கூடி, ஐம்பது அறுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டுகளும் கொஞ்சம் ஜாஸும் வாசிப்போம். அந்தக் காலத்துப் பாட்டுகளில் அடியில் "தும் தும்" என்று நடக்கும் சத்தம் பேஸ் கிட்டாரில் என்ன செய்தாலும் வருவதில்லை. தந்தியைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்பொஞ்ச் வைத்தும் பார்த்தாயிற்று. ஆகவே நின்றுகொண்டு வாசிக்கும் அந்த ஆளுயர டபுள் பேஸையே வாங்கிவிடலாம் என்று நிற்கிறேன்.

பட்ஜெட் 2,500 கனடியன் டொலர். திருத்த வேலை, தந்தி எல்லாம் அதற்குள் வரவேண்டும். ஓர்கெஸ்ட்ராவில் சேரும் எண்ணம் இல்லை. வில் பிடிக்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை.

கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று இணையக் கடையில் புத்தம் புதியது, வில்லும் பையும் சேர்த்து 1,150 டொலர். "கையால் செதுக்கிய முழு மரம்" என்று போட்டிருக்கிறார்கள், கொம்பனியின் பெயர் கேள்விப்படாத பெயர். மற்றது ஹமில்டனில் ஒருவர் விற்கும் பழைய எங்கல்ஹார்ட் கொம்பனி பேஸ், முக்கால் அளவு. பள்ளிக்கூடம் ஒன்று கழித்துவிட்டதாம். 1,800 கேட்கிறார். படத்தில் பார்க்க நல்லாய் அடிபட்டிருக்கிறது, கீழ் விளிம்பில் ஓரிடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் மனம் புதியதுக்குத்தான் போகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

நாலுதந்தி (சென்னை)

மனம் போகட்டும், கிரெடிட் கார்டு மட்டும் பையிலேயே இருக்கட்டும்.

1,150 டாலரில் என்ன அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய பெட்டியைக் கடல் கடந்து கொண்டுவரும் செலவு, கடைக்காரர் லாபம், வில், பை. மீதியில் காயவைத்த ஸ்புரூஸ் மரம் வாங்கி, கையால் செதுக்கி, தந்தியை அழுத்தும் இடத்தில் கருங்காலி விரல்பலகை வைக்க முடியுமா? முடியாது. விரல்பலகை ஏதோ வெளிர் மரமாக இருக்கும், கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். பிரிட்ஜின் கால் மேற்பலகையில் படியாது. உள்ளே முட்டுக்கொடுக்கும் சவுண்ட் போஸ்ட் குச்சி வழியிலேயே விழுந்து பெட்டிக்குள் உருளும். "பேஸ் வடிவத்தில் ஒரு பொருள்" என்று அமெரிக்க வாசிப்பாளர்கள் இதற்கு ஒரு கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவரப் பட்டறையில் கேட்கும் தொகை, நீங்கள் அதை வாங்கிய விலையை எட்டிவிடும். பல பட்டறைகள் கையே வைக்காது.

"முழு மரம்" என்பதற்கு மயங்க வேண்டாம். பேஸில் மூன்று வகை உண்டு. எல்லாமே ப்ளைவுட், மேற்பலகை மட்டும் செதுக்கிய மரம், எல்லாமே செதுக்கிய மரம். வில்லுக்கும் ஓர்கெஸ்ட்ராவுக்கும் செதுக்கியதுதான் சிறப்பு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் விரலால் மீட்டப் போகிறீர்கள், பக்கத்தில் டிரம்ஸும் கீபோர்டும் இருக்கும், வீட்டில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும். ப்ளைவுட் உங்களுக்காகவே செய்த மாதிரி. அடித்தால் உடனே சத்தம் எழும்பி உடனே அடங்கும், நீங்கள் சொன்ன "தும்" அதுதான். வறட்சியில் வெடிக்காது, சுவரில் இடித்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

எங்கல்ஹார்ட்டுக்கு ஒரு வம்சாவளியும் இருக்கிறது. சிகாகோவில் கே என்ற கம்பெனி 1930களின் கடைசியிலிருந்து ப்ளைவுட் பேஸ் செய்து பள்ளிக்கூடங்களுக்கும் நாட்டுப்புறக் குழுக்களுக்கும் விற்றது. அறுபதுகளின் முடிவில் கே மூடப்பட்டபோது அந்த அச்சுகளையும் தொழிலையும் வாங்கியவர்கள்தான் எங்கல்ஹார்ட். கே என்ற பெயருக்கு இன்று பழம்பொருள் மதிப்பு ஏறிவிட்டது. ஏறக்குறைய அதே உடம்பு எங்கல்ஹார்ட் என்ற பெயரில் நல்ல அளவு குறைவாகக் கிடைக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே செட்டப் (தந்தி உயரம், பிரிட்ஜ் எல்லாம் சரிசெய்து வைப்பது) சுமார்தான். அதை ஒரு நல்ல கைவினைஞர் சரிசெய்தாரா என்பதுதான் ஒரு எங்கல்ஹார்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம்.

1,800 கூடுதல்தான். ஆனால் போய்ப் பாருங்கள்.

தேநீர் இடைவேளை (மிசிசாகா)

வாங்கவே வேண்டுமா? லாங் அண்ட் மெக்குவேட் போன்ற கடைகளில் மாத வாடகைக்குக் கிடைக்கும். நாலு மாதம் வைத்துப் பாருங்கள். பேஸ் கிட்டாரிலிருந்து இதற்குத் தாவியவர்களில் பாதிப் பேர் கை வலிக்கிறது என்று மூலையில் சாத்திவிடுகிறார்கள். என் மைத்துனர் வீட்டில் ஒன்று சட்டை காயப்போடத்தான் பயன்படுகிறது.

நாலுதந்தி (சென்னை)

வாடகை நல்ல யோசனைதான். ஆனால் வாடகைக் கருவிகளில் தந்தி உயரம் பெரும்பாலும் மலை மாதிரி இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் வில்லால் வாசிப்பதற்கென்று வைத்தது. அதை வைத்துக் கை வலிக்கிறது என்று முடிவு செய்தால் அது பேஸின் குற்றமில்லை, செட்டப்பின் குற்றம். எடுப்பதென்றால் தந்தியை இறக்கித் தரச் சொல்லி எடுக்கட்டும். மைத்துனருடையதையும் ஒருமுறை பட்டறைக்கு அனுப்பிப் பாருங்கள், சட்டைக்கு வேறு இடம் தேட வேண்டிவரும்.

ரூர் நதி (டோர்ட்முண்ட்)

ப்ளைவுட், ப்ளைவுட் என்று எல்லோரும் ஏன் இப்படிச் சொல்லுறீங்கள்? இங்கே ஜேர்மனியில் பழைய மார்க்நொய்கிர்ஹன் பேஸ்கள், செதுக்கிய மேற்பலகையோடு, கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் நியாய விலைக்கு வரும். ருமேனியாவில் ரெகின் என்ற ஊர் முழுக்கத் தந்திக் கருவி செய்கிற ஊர். அங்கத்தைய ஹோரா 1951 முதல் இருக்கிற தொழிற்சாலை, அவர்களுடைய பேஸும் மலிவு. செதுக்கிய மரத்தின் சத்தத்தை ஒருக்கால் கேட்டால் ப்ளைவுட் பக்கம் திரும்பமாட்டீங்கள்.

வச்சிரம் (மதுரை)

ஐயா, நீங்கள் சொல்வது ஐரோப்பாவில் இருப்பவருக்குச் சரி. தொழிற்சாலையும் பட்டறையும் காரில் போகிற தூரத்தில். அதையே கனடாவுக்குக் கப்பலில் ஏற்றினால் விலை வேறு, ஏதாவது ஆனால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அதோடு ரொறன்ரோ ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் இருபது சதவீதம் அளவுக்குக்கூட இறங்கிவிடும். செதுக்கிய மேற்பலகைக்கு நாற்பதுக்குக் குறையாமல் வேண்டும். வீட்டில் ஈரமூட்டி வைத்துப் பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்க்கிறவருக்கு அது சரி. மாதம் ஒருமுறை கூடி வாசிக்கிறவருக்கு வேண்டாத தொல்லை.

பனிக்காற்று அவர்களே, நான் வயலின், வீணை ரிப்பேர் செய்கிறவன். முன்பு வெளிநாட்டில் ஒரு பட்டறையில் பேஸிலும் வேலை செய்திருக்கிறேன். ஹமில்டன் போகுமுன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கையில் ஒரு சின்ன டார்ச், முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், விசிட்டிங் கார்டு ஒன்று, நீளமான நேர்ச்சட்டம் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் கழுத்து உடம்போடு சேரும் இடம், அதாவது குதிகால். பேஸில் உயிர்நிலை அதுதான். நாலு ஸ்டீல் தந்தியும் சுருதியில் நிற்கும்போது ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குக் கிட்ட இழுக்கும், மொத்தம் நூறு கிலோவுக்கு மேல். கருவி கீழே விழுந்திருந்தால் முதலில் விடுவது அந்த இடம். சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வார்னிஷில் கோடு இருந்தால் கார்டின் முனையை உள்ளே நுழைத்துப் பாருங்கள். குதிகாலில் மரத்தக்கை அடைத்த வட்டம் தெரிந்தால் உள்ளே திருகோ போல்ட்டோ போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ப்ளைவுட் பேஸில் அது பாவமில்லை, ஒழுங்காகச் செய்திருந்தால் கழுத்து முன்னைவிடக் கெட்டியாகவே நிற்கும். எப்பாக்சியை வழியவிட்டு ஒட்டியிருந்தால் மட்டும் வந்த வழியே திரும்புங்கள். அதைப் பிரித்துச் சரிசெய்ய எவனாலும் மலிவாக முடியாது.

அடுத்தது சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடம். பிரிட்ஜின் ஜி தந்திப் (நாலில் மெல்லிய தந்தி) பக்கத்துக் காலுக்குச் சற்றுக் கீழே, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் நிற்கும் குச்சி. மேற்பலகையில் எஃப் எழுத்து வடிவில் வெட்டிய எஃப் துளை வழியாக டார்ச் அடித்தால் தெரியும். அது நேராக நிற்கிறதா, இரண்டு முனையும் முழுசாகப் படிகிறதா? அந்த இடத்தில் மேலேயோ கீழேயோ விரிசல் இருக்கிறதா? செதுக்கிய பேஸில் போஸ்ட் விரிசல் என்றால் மேற்பலகையைக் கழற்றி உள்ளே ஒட்டுப்போட வேண்டும், மலிவான கருவி என்றால் செலவு அதன் விலையையே தாண்டும். ப்ளைவுட்டில் விரிசல் அபூர்வம். அதற்குப் பதில் அடுக்குகள் பிரியலாம், விரலால் அழுத்தினால் உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் வரும். நேர்ச்சட்டத்தைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் குறுக்காக வைத்து, மேற்பலகை குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே பேஸ் பார் என்ற நீளச் சட்டம் ஒட்டியிருக்கும் ஈ தந்திப் (தடித்த தந்தி) பக்கம் அமுங்கியிருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம்.

படத்தில் தெரிந்த ஒட்டு விட்ட இடத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்தக் கருவிகளில் வச்சிரம் என்கிற தோல் பசையை விளிம்பில் போடுவதே, இழுவை வந்தால் மரம் வெடிக்காமல் ஒட்டு விடட்டும் என்பதற்காகத்தான். (என் புனைபெயரும் அதுவே, மீன் வியாபாரி என்று பலர் நினைக்கிறார்கள்.) விளிம்பைச் சுற்றி முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான சத்தம் போய் ஓட்டை டப்பா சத்தம் வந்தால் அங்கே விட்டிருக்கிறது. ஒரு மணி நேர வேலை. முந்தைய முதலாளி வெள்ளைப் பசையை ஊற்றி வைத்திருந்தால்தான் எரிச்சல், அதைச் சுரண்டியெடுத்துவிட்டுத்தான் வச்சிரம் பிடிக்கும்.

விரல்பலகையின் பக்கவாட்டையும் அடியையும் பாருங்கள், மேற்பரப்பை அல்ல. கருங்காலி என்றால் எல்லாப் பக்கமும் கறுப்பு. தேய்ந்த இடத்தில் பழுப்பு தெரிந்தால் சாயம். ஈட்டி மரம் என்றாலும் ஒப்புக்கொள்ளலாம், கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். தந்திக்கு நேராகச் சட்டத்தை வையுங்கள். நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும், தந்தி அதிர அந்த இடம் தேவை. மேடாக இருந்தாலோ அலையலையாக இருந்தாலோ இழைக்க வேண்டும். இழைப்பதற்குப் பலகையில் கனம் மிச்சமிருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். பலமுறை இழைத்துக் காகிதமாகிப்போன பலகையை மாற்றித்தான் ஆக வேண்டும், அது பெரிய செலவு.

கடைசியாக, யாரும் சொல்லித்தராத ஒரு கணக்கு. விரல்பலகை முடியும் இடத்தில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். விரலால் மீட்டுகிறவருக்கு ஜி தந்தி 5 முதல் 7 மில்லிமீட்டர், ஈ தந்தி 8 முதல் 10 என்பது வசதி. அதைவிட உயரம் என்றால் உடனே விலையைக் குறைத்துப் பேசாதீர்கள். முதலில் பிரிட்ஜின் மொத்த உயரத்தை அளங்கள். 15 முதல் 17 சென்டிமீட்டர் இருந்தால் அதைச் சீவி இறக்கலாம், சுலபம். பிரிட்ஜ் ஏற்கெனவே குட்டையாகி, அப்படியும் தந்தி உயரமாக நின்றால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது. கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். இரண்டையும் தந்தி உயரத்தை மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது, செலவோ பத்து மடங்கு வித்தியாசம்.

பனிக்காற்று (ஸ்காபரோ)

அண்ணா, இவ்வளவு எழுதினதுக்கு நன்றி. அச்செடுத்துக்கொண்டு போகப் போகிறேன். முக்கால் அளவு என்கிறார்கள், நான் ஆறடிக்கு மேல். முழு அளவு தேட வேண்டாமோ? இன்னொன்று, விற்கிறவர் வாசித்து ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், கேட்க நல்லாயில்லை.

நாலுதந்தி (சென்னை)

முக்கால்தான் பெரியவர்களின் அளவு. பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜாஸ்காரர்கள் மட்டுமல்ல, ஓர்கெஸ்ட்ராவில் பலரும் வாசிப்பது அதுதான். கழுத்தின் மேல்முனையில் தந்தி உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி நீளம் 105 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும், ஓரிரு சென்டிமீட்டர் முன்பின். உங்கள் பேஸ் கிட்டார் பெரும்பாலும் 86 சென்டிமீட்டர், அதை நினைத்துக்கொண்டு இதில் கை வைத்தால் தெரியும். உயரத்துக்கு, தரையில் ஊன்றும் எண்ட்பின்னை இழுத்துக்கொள்ளலாம்.

அளக்கும்போது பிரிட்ஜ் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். எஃப் துளையின் உள்பக்க வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். யாராவது மேலும் கீழும் தள்ளி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வீடியோவை நம்பி நல்லது என்றும் சொல்லாதீர்கள், கெட்டது என்றும் சொல்லாதீர்கள். திறந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, அதன் மேல்சுரங்களை மட்டும் கேட்டு நம் காது கூட்டிக்கொள்கிறது.

நேரில் போனால் பாட்டு வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு தந்தியிலும் திறந்த சுரத்திலிருந்து குதிகால் வரை அரை அரைச் சுரமாக ஏறுங்கள், ஓசை இரைகிறதா, எங்காவது செத்துப்போகிறதா என்று கேளுங்கள். இரைச்சல் வந்தால் உடனே பெட்டி வெடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டியூனிங் மெஷினின் தளர்ந்த திருகு, எண்ட்பின்னின் மரை, சட்டைப் பொத்தான் இவற்றில் ஒன்றாக இருப்பதே வழக்கம். விற்பவரை ஒவ்வொன்றாக விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாசியுங்கள். கட்டைவிரல் குதிகாலில் முட்டும்போது ஆள்காட்டி விரல் ஜி தந்தியில் டி சுரத்தில் விழுகிறதா, ஈ பிளாட்டிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சரி, ஆனால் பின்னால் வாத்தியாரிடம் போனால் கேட்பார்.

கரைவேட்டி (பென்ரித்)

பெரிய பெட்டி இல்லாமல் ஆம்பில் ஒலிக்கும் எலக்ட்ரிக் அப்ரைட் எடுத்தால் இந்தத் தலையிடி ஒன்றுமே இல்லையே? யமஹா சைலன்ட் பேஸ், என்எஸ் டிசைன் எல்லாம் காரின் பின்சீட்டில் கிடக்கும்.

நாலுதந்தி (சென்னை)

நல்ல கருவிகள்தான், புதிதாக வாங்கினால் பெரும்பாலும் அவர் பட்ஜெட்டைத் தாண்டும். அதோடு அவர் கேட்பது பேஸ்மென்டில் ஆம்ப் இல்லாமல் அறையை நிரப்புகிற சத்தம்.

பனிக்காற்று (ஸ்காபரோ)

ஹமில்டன் போய்ப் பார்த்தேன். விற்கிறவர் முன்பு பள்ளிக்கூடத்தில் இசை படிப்பித்தவர், நல்ல மனுசன், அவசரப்படுத்தவில்லை. குறித்துக்கொண்டு வந்ததை அப்படியே போடுகிறேன்.

தந்தி உயரம் ஜி 10 மில்லிமீட்டர், ஈ 14. பிரிட்ஜ் உயரம் நடுவில் 16.5 சென்டிமீட்டர், உயரம் கூட்டிக் குறைக்கும் சக்கரங்கள் இல்லை. பிரிட்ஜ் கொஞ்சம் விரல்பலகைப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனால் வளையவில்லை. ஒட்டு விட்ட இடம் கையகல நீளம், தட்டிப் பார்த்ததில் வேறெங்கும் இல்லை. போஸ்ட் நேராக நிற்கிறது. மேற்பலகை குழியவில்லை. விரல்பலகை பக்கவாட்டில் பழுப்புச் சிவப்பு, ஈட்டி என்று நினைக்கிறேன், கனம் இருக்கிறது. ஆனால் ஏ, டி தந்திகளுக்குக் கீழே முதல் பொசிஷனில் (நட்டுக்குப் பக்கத்தில்) தந்தி தடம் பதித்திருக்கிறது. ஏ தந்தியில் சி சுரத்தில் இரைச்சல், அந்தத் தடத்துக்கு நேரேதான். ஒரு டியூனிங் மெஷின் வளைந்திருக்கிறது, ஆனால் சுற்றுகிறது. தந்திகள் எந்தக் காலத்ததோ, துருப்பிடித்துக் கிடக்கின்றன.

என்னை யோசிக்க வைத்தது குதிகால்தான். இடப்பக்கம் வார்னிஷில் ஒரு மெல்லிய கோடு. கார்டு நுழையவில்லை. வலப்பக்கம் ஒன்றுமில்லை.

வச்சிரம் (மதுரை)

குதிகாலைத் தவிர மற்றதெல்லாம் தேய்மானம், நோய் இல்லை. பிரிட்ஜில் மரம் இருக்கிறது, அதனால் தந்தி உயரம் பிரச்சினையே இல்லை. யாரோ வில்லுக்காக உயரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தடம் விழுந்த பலகையை இழைத்தால் சி சுரத்து இரைச்சல் போய்விடும். சாய்ந்த பிரிட்ஜை நிமிர்த்தக் காசு வேண்டாம், தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இரண்டு கையாலும் மேல்முனையைப் பின்னுக்கு இழுத்தால் போதும். டெயில்பீஸ் (தந்தியின் கீழ்முனையை மாட்டும் துண்டு) பக்கத்து முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், போஸ்ட் விழுந்துவிடும்.

குதிகால் கோட்டுக்கு ஒரு சோதனை. விற்பவரின் அனுமதியோடு தந்திகளைச் சுருதியிலிருந்து நன்றாக இறக்கி, கோட்டில் நகத்தை வைத்துக்கொண்டு மறுபடி மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். ஏற ஏறக் கோடு திறந்தால், அல்லது மேடு பள்ளம் நகத்தில் தட்டினால் மூட்டு அசைகிறது. ஒன்றும் மாறவில்லை என்றால் வார்னிஷ் மட்டும் வெடித்திருக்கிறது, கழுத்து மரமும் உடம்பு மரமும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் பழைய கருவிகளில் சகஜம்.

விலை 1,800 கொடுக்காதீர்கள். தந்தி செத்திருக்கிறது, பலகை இழைக்க வேண்டும், பிரிட்ஜுக்குச் சக்கரம் வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டி 1,300 என்று கேளுங்கள். இசை ஆசிரியர் என்கிறீர்கள், அவருக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

ரூர் நதி (டோர்ட்முண்ட்)

நான் செதுக்கிய மரக் கட்சிதான், இருந்தாலும் இந்த அறிக்கையைப் பார்த்தால் எடுக்கலாம் போலத்தான் இருக்கு. வடிவாக அளந்திருக்கிறீங்கள்.

பனிக்காற்று (ஸ்காபரோ)

திரும்பப் போய் அந்தச் சோதனையும் செய்தோம். கோடு அசையவில்லை. அவரே முட்டுக்காலில் இருந்து டோர்ச் பிடித்தார். 1,300 என்றதும் சிரித்துவிட்டு 1,350 என்றார். எடுத்துவிட்டேன்.

முன்சீட்டைப் பின்னால் சாய்த்து, தலைப்பகுதி இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் வரும்படி ஹட்ச்பேக் காரிலேயே கொண்டுவந்தாயிற்று. பட்டறைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்ன கணக்கு: ஒட்டு 90, பலகை இழைப்பு 320, இருக்கிற பிரிட்ஜைச் சீவி அதற்கே சக்கரம் போட 180. அடிபட்ட மெஷினை அப்படியே விடச் சொன்னார். தந்திக்கு 260 ஒதுக்கி வைத்திருக்கிறேன். பட்டறைக்கும் தந்திக்கும் பதின்மூன்று வீதம் வரி சேர்த்தால் 960 மட்டில். மொத்தம் 2,310. மிச்சத்தில் ஒரு பழைய பை தேட வேண்டும்.

இப்போது சண்டை தந்தியில். ஸ்பைரோகோரா, ஹெலிகோர் ஹைப்ரிடா? கடைக்காரர் முதலாவதைச் சொல்கிறார்.

நாலுதந்தி (சென்னை)

வாழ்த்துகள்! நல்ல விலை.

ஸ்பைரோகோர் ஜாஸ்காரர்களின் தந்தி. ஸ்டீல், மீட்டினால் நெடுநேரம் நின்று உறுமும், வருடக்கணக்கில் உழைக்கும். நீங்கள் தேடுவது உறுமலா? ஐம்பதுகளில் உலகமெங்கும் பேஸில் பெரும்பாலும் குடல் தந்திதான், ஸ்டீல் பரவலானது அறுபதுகளில். அந்தப் பழைய சத்தத்தில் "தும்" உண்டு, நீட்டல் இல்லை. குடல் தந்தி இன்றும் கிடைக்கிறது, ஆனால் விலையும் அதிகம், ஈரப்பதம் மாறினால் சுருதியும் மாறும். அதற்குக் கிட்ட வருவது நைலான் சுற்றிய தந்திகள், ஸ்லாப் (தந்தியைப் பலகையில் அறைந்து) வாசிக்கிற ராக்கபில்லிக்காரர்கள் வாங்கும் வகை. இழுவை குறைவு, புது விரலுக்கும் நல்லது. இவை தடிமனானவை, நட்டிலும் பிரிட்ஜிலும் உள்ள வெட்டுகளை அகலப்படுத்த வேண்டும். கருவி பட்டறையில் இருக்கும்போதே தந்தியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கூலி.

ஹெலிகோர் ஹைப்ரிட் நடுவில் நிற்கும் தந்தி, யாருக்கும் கெடுதல் செய்யாது. என்னைக் கேட்டால் உங்கள் பாட்டுகளுக்கு நைலான்.

வச்சிரம் (மதுரை)

நானும் நைலானுக்குக் கை தூக்குகிறேன். நட்டில் தந்திக்கும் பலகைக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு மட்டும் போகிற இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். பட்டறைகளில் விட்டுவிடுகிற வேலை இது. முதல் பொசிஷனில் கை வலிப்பதற்குப் பாதிக் காரணம் உயர்ந்த நட்டுதான்.

அடையாறு ஆலமரம் (சென்னை)

இழையை முழுக்கப் படித்தேன். சென்னையில் இதே மாதிரி ஒன்று வேண்டுமென்றால்?

வச்சிரம் (மதுரை)

விளம்பரத்தில் கிடைப்பது அபூர்வம். சர்ச் குழுக்களிலும் பழைய ஸ்டுடியோ வாசிப்பாளர்கள் வீடுகளிலும் விசாரியுங்கள். உங்களுக்குப் பிரச்சினை வறட்சி இல்லை, நேர்மாறு. கடற்காற்றில் ஈரம் ஏறி ஒட்டு விடும், தந்தி துருப்பிடிக்கும். ஏசி அறைக்கும் வெளி அறைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகாதீர்கள். தந்தியை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும், விலை பேசும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனிக்காற்று (ஸ்காபரோ)

நைலானுக்கே சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று. எப்போதாவது கோயில் மண்டபத்தில் வாசிக்க வேண்டிவந்தால், சத்தத்தை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் வேண்டும். அது பிறகு பார்க்கிற விசயம்தானே?

நாலுதந்தி (சென்னை)

வாங்குவது பிறகு இருக்கலாம், யோசிப்பது இன்றைக்கே. ஃபிஷ்மன் ஃபுல் சர்க்கிள் என்ற பிக்கப் பிரிட்ஜ் காலில் போடும் சக்கரத்துக்குள்ளேயே அமைந்தது, ஒரு பக்கச் சக்கரத்துக்குப் பதிலாக அதைத் திருக வேண்டும். பட்டறைக்காரர் இப்போது துளைபோடும் மரை அளவு அதற்குப் பொருந்தாவிட்டால் பின்னால் பிரிட்ஜையே மாற்றச் சொல்வார்கள். நாளைக்கு அவருக்கு ஒரு ஃபோன் போட்டு, சக்கரத்தின் மரை அளவை அந்தப் பிக்கப்புக்கு ஏற்றதாகப் போடச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே துளைத்துவிட்டிருந்தால் கவலை வேண்டாம். கே அண்ட் கே மாதிரி பிரிட்ஜில் செருகுகிற வகையை எதிலும் கை வைக்காமல் பொருத்தலாம்.

பனிக்காற்று (ஸ்காபரோ)

இப்போதே எடுத்துக் கேட்டேன். பிரிட்ஜில் இன்னும் கை வைக்கவில்லையாம், நாளைக்குத்தான். அளவைச் சொல்லிவிட்டேன்.